மலிவான பிலிம் கேட்கிறது வெளிச்சம்தான்

பிலிமில் படம் எடுக்கத் தொடங்கிய ஆக்களிடமிருந்து நாங்கள் கேட்கிற முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான். "படமெல்லாம் மங்கலா வந்திருக்கு. நிழல் முழுக்கப் பச்சையும் மண்ணிறமுமாக் கிடக்கு. புள்ளி புள்ளியா இருக்கு. இந்த மலிவுப் பிலிமில இவ்வளவுதான் வரும் போல." அதோடு இன்னொரு வசனமும் வரும்: "அடுத்த முறை காசு சேர்த்து போர்ட்ரா வாங்க வேணும்."

மற்றப் பக்கத்தில், அதே மங்கலையும் அதே புள்ளியையும் "இதுதான் பிலிம் லுக்" என்று கொண்டாடுகிற ஆக்களும் இருக்கினம். முகம் தெரியாத படத்துக்குக் கீழே "நொஸ்ரால்ஜியா" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் அது கலையாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

எங்களுக்கு இரண்டு பகுதியோடும் உடன்பாடில்லை. முதல் ஆள் பிலிமைக் குறை சொல்லுகிறார், இரண்டாம் ஆள் பிலிமைப் புகழுகிறார். ஆனால் இரண்டு பேருடைய படத்திலும் நடந்திருப்பது ஒரே விசயம்: பிலிமுக்கு வெளிச்சம் போதவில்லை. கொடாக் கோல்ட் 200, கலர்பிளஸ் 200, அல்ட்ராமக்ஸ் 400, ஃபூஜியின் 200, 400 என்று கடையில் குறைஞ்ச விலைக்குக் கிடைக்கிற கலர் நெகற்றிவ் எல்லாமே நல்ல பிலிம்தான். அவை கேட்கிறது வெளிச்சம். அதைத் தாராளமாகக் கொடுத்தால், முக்கியமாக எங்களைப் போலக் கறுத்த, மாநிறத் தோலுள்ள ஆக்களைப் படம் எடுக்கும்போது கொடுத்தால், அந்த மலிவுப் பிலிமே எங்கட முகத்தை வடிவாகக் காட்டும். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அது ஏன், அதை எப்படிச் செய்வது என்பது பற்றி.

முதலில், இந்தப் பிலிம்கள் ஆருக்காகச் செய்யப்பட்டவை என்று யோசிச்சுப் பாருங்கோ. பிறந்தநாளுக்கும் கடற்கரைக்கும் கலியாணவீட்டுக்கும் சின்னக் கமராவோடு போகிற சாதாரணக் குடும்பத்துக்காக. கமராவைப் பற்றி ஒன்றும் தெரியாத கையிலும் படம் வர வேணும் என்பதுதான் இவற்றைச் செய்தவர்களின் நோக்கம். கோல்ட் 200 பற்றிக் கொடாக் வெளியிட்ட தரவுத் தாளிலேயே, இரண்டு ஸ்ரொப் வெளிச்சம் குறைந்தாலும் மூன்று ஸ்ரொப் கூடினாலும் தாங்கும் என்று போட்டிருக்கு. ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது, அல்லது பாதியாவது. மூன்று ஸ்ரொப் கூட என்றால் எட்டு மடங்கு வெளிச்சம். அவ்வளவையும் மன்னிக்கிற பிலிம் அது.

அப்படியெண்டால் அம்மா அப்பாவின் அல்பத்தில் பளிச்சென்று வந்த அதே வகைப் பிலிம் ஏன் எங்கட கையில் மங்குது? அந்தக் காலத்து ஸ்ரூடியோக்காரர் ஆக்களை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, சூரியனைத் தன்ர முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் எடுத்தார். வீட்டுக்குள் என்றால் ஃபிளாஷ் போடாமல் எடுக்கமாட்டார். நாங்கள் எடுக்கிறது எங்கே? பொழுதுபட்ட பிறகு கடற்கரையில், தேத்தண்ணிக் கடையின் மூலையில், பஸ்ஸின் ஜன்னலோரத்தில். ஃபிளாஷ் போட்டால் "வடிவில்லை" என்று அணைத்தும் விடுகிறோம். பிலிம் மாறவில்லை, நாங்கள் கொடுக்கிற வெளிச்சம் குறைந்துபோனது.

கலர் நெகற்றிவுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அதில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்றுக்கும் வெவ்வேறு படைகள் இருக்கு. ஒவ்வொரு படையிலும் சின்னதும் பெரிசுமாக வெள்ளி உப்புப் பளிங்குகள். குறைஞ்ச வெளிச்சத்தில் பெரிய பளிங்குகள் மட்டும்தான் விழித்துக்கொள்ளும். அதனால்தான் படம் புள்ளி புள்ளியாகத் தெரியுது. வெளிச்சம் கூடக்கூடச் சின்னப் பளிங்குகளும் சேரும், சாய முகில்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும், படம் மிருதுவாகும். நிறத்துக்கும் இதே கதைதான். மூன்று படைகளுக்கும் போதிய வெளிச்சம் கிடைத்தால்தான் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். நிழலில் வெளிச்சம் பத்தாவிட்டால் அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். ஸ்கானர் அந்த இருட்டை வலிந்து தூக்கிக் காட்டப் பார்க்கும்போதுதான் அந்தப் பச்சையும் மண்ணிறமும் வருது.

தொலைபேசியில் படம் எடுத்துப் பழகின கைக்கு இது தலைகீழ். டிஜிட்டலில் வெள்ளை வெளுத்துப் போனால் போனதுதான், அதனால் கொஞ்சம் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு தூக்கலாம் என்று பழகியிருக்கிறோம். நெகற்றிவில் நிழல் போனால் போனதுதான். வானமும் வெள்ளைச் சேட்டும் ஓரளவு தாங்கும். ஆகவே பிலிம் கமராவைக் கையில் எடுத்தவுடன் அந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போடவேணும். வெளிச்சமான இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல், படத்தில் விபரம் தெரியவேண்டிய இருண்ட இடத்தைப் பார்த்து அளக்க வேணும்.

செய்யிறதுக்கு ஆகச் சுலபமான வழி, பெட்டியில் போட்டிருக்கிற ஐஎஸ்ஓவைப் பாதியாக்கிக் கமராவில் வைப்பது. 200 பிலிமுக்கு 100, 400 பிலிமுக்கு 200. இதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்ரொப் கூட வெளிச்சம் போகும். கழுவக் கொடுக்கும்போது லாப்பில் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, வழமை போலக் கழுவினால் சரி. சந்தேகம் வந்தால் இன்னுமொரு ஸ்ரொப் கூட்டினாலும் பிழையில்லை. அதற்காக நாலு, ஐந்து என்று கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். நெகற்றிவ் தடித்துப்போய் ஸ்கானருக்கு ஊடுருவக் கஷ்டமாகும், வெள்ளைத் துணியின் நிறமும் மாறத் தொடங்கும்.

சின்ன ஓட்டோமற்றிக் கமராக்கள் பிலிம் உறையில் இருக்கிற டிஎக்ஸ் குறியை வாசித்துத் தாங்களே ஐஎஸ்ஓவை வைத்துக்கொள்ளும். அவற்றில் இதை மாற்ற ஏலாது. உங்கட கமராவில் பின்வெளிச்சத்துக்கென்று ஒரு பொத்தான் இருந்தால், முகத்துக்குப் பின்னால் வானம் வரும்போது அதைப் பாவியுங்கோ. அதுவும் இல்லையென்றால் ஆளை வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு வாறதுதான் வழி.

இனி முக்கியமான விசயத்துக்கு வருவம். கமராவுக்குள் இருக்கிற வெளிச்ச மீற்றருக்கு முன்னால் நிற்கிறது ஆள் என்று தெரியாது. அது பார்க்கிற எல்லாவற்றையும் ஒரு நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெள்ளையைக் காட்டினால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று குறைத்துவிடும்.

இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் அநேகமான ஆக்கள் போடுறது வெள்ளைச் சீருடை. நாற்பது பிள்ளைகள் வரிசையாக நிற்கிற வகுப்புப் படத்தைக் கமரா எப்படிப் பார்க்கும்? முக்கால்வாசி வெள்ளை. உடனே அது வெளிச்சத்தைக் குறைக்கும். சீருடை சாம்பலாகும், முகங்கள் இருண்டுபோகும். கடைசி வரிசையில் ஆர் நிற்கிறார் என்றே பிறகு தெரியாது. நல்லூர்த் திருவிழாவிலும் இதே கதைதான். வெள்ளை வேட்டி, வெள்ளை மணல், உச்சி வெயில், அதற்குள் வெறும் மேலோடு நிற்கிற ஆக்கள். மீற்றர் சொல்கிறபடி எடுத்தால் வேட்டி வடிவாக வரும், ஆள் நிழலாகத்தான் வருவார்.

இதற்கு மருந்து உங்கட கையிலேயே இருக்கு. தோலின் நிறம் எதுவானாலும் உள்ளங்கை திருப்பி அனுப்புகிற வெளிச்சம் ஆளுக்காள் பெரிதாக வேறுபடாது. அது நடுத்தரச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்ரொப் வெளிச்சம் கூடியது. படம் எடுக்கப்போகிற ஆளின் முகத்தில் விழுகிற அதே வெளிச்சத்தில் உங்கட உள்ளங்கையைப் பிடியுங்கோ. கமராவை அதன் முழுப் பார்வையும் கையால் நிறையுமளவுக்குக் கிட்டக் கொண்டுபோய் அளவுங்கோ. வந்த கணக்கில் இருந்து ஒரு ஸ்ரொப் திறவுங்கோ. ஐஎஸ்ஓவும் ஏற்கனவே பாதியில் இருக்கு என்றால் இதற்கு மேல் ஒன்றும் கூட்டத் தேவையில்லை. கமராவில் மீற்றர் செத்துப்போயிருந்தால் தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கிற மீற்றர் செயலியிலும் இதைச் செய்யலாம்.

கறுத்த முகம் பிலிமில் இருண்டுபோவதற்கு மீற்றர் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட ஏலாது. கலர் பிலிமின் வரலாற்றிலேயே அந்தச் சாய்வு இருக்கு. கொடாக் நிறுவனம் தன் படங்களை அச்சிடுகிற லாப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்கு நின்ற கொடாக் ஊழியர் ஒருவரின் பெயரால் அதை "ஷேர்லி அட்டை" என்று அழைத்தார்கள். அவருடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி. மற்ற ஆக்களின் தோல் எப்படி வருகுது என்று ஆரும் அட்டை வைத்துப் பார்க்கவில்லை.

மொன்றியலில் உள்ள கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ரொத் இதைப் பற்றி ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மண்ணிற வகைகளைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று கொடாக்கை நெருக்கியதில், மரத் தளபாடம் செய்கிற கம்பனிகளுக்கும் சொக்லேற் கம்பனிகளுக்கும் பங்கு இருந்தது என்று அதில் வருது. தங்கட மேசையின் நிறமும் சொக்லேற்றின் நிறமும் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்பது அவர்களின் குறை. கறுத்த மனிசரின் முகம் சரியாக வருவதற்குச் சொக்லேற் கடைக்காரர் முறைப்பாடு செய்ய வேண்டியிருந்திருக்கு.

1980களில் வந்த கொடாக் கோல்ட் போன்ற பிலிம்கள் இந்த விசயத்தில் முந்தியவற்றைவிட நல்லவை. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கிற மாதிரி அட்டை 1990களில் வந்தது. ஆகவே இன்றைக்கு எங்கட கையில் இருக்கிற மலிவுப் பிலிமுக்கு எங்கட நிறத்தைக் காட்ட ஏலும். ஆனால் கறுத்த தோல் திருப்பி அனுப்புகிற வெளிச்சம் குறைவு. அந்தக் குறைவை ஈடுசெய்யாமல் மீற்றரை அப்படியே நம்பினால், பழைய அட்டை விட்ட இடத்தில் இருந்து நாங்களே வேலையைத் தொடருகிறோம் என்றுதான் அர்த்தம்.

மீற்றரே இல்லாத கமரா வைத்திருக்கிற ஆக்களுக்கு, 200 பிலிமுக்கான கணக்கு ஒன்றைச் சொல்கிறோம். ஏற்கனவே கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டிருக்கு. நல்ல வெயில் என்றால் 1/250 செக்கன், எஃப்11. மாரிகால முகில் மூட்டம் என்றால் 1/125, எஃப்5.6. விறாந்தை, மாமர நிழல் போல வெயில் படாத, ஆனால் வானம் தெரிகிற இடம் என்றால் 1/125, எஃப்4. வீட்டுக்குள் வாசலை அண்டின இடம் என்றால் 400 பிலிம் போட்டு 1/60, எஃப்2.8இல் தொடங்கலாம். இரவில் ரியூப்லைற் மட்டும் என்றால் யோசிக்காமல் ஃபிளாஷைப் போடுங்கோ.

உச்சி வெயிலில் முகம் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுவம். தலைக்கு மேல் சூரியன் நிற்கும்போது கண்குழி இரண்டும் கறுத்துப்போகும், எந்தப் பிலிமும் அதைக் காப்பாற்றாது. ஆளை இரண்டு எட்டு நகர்த்தி விறாந்தை விளிம்பில் நிப்பாட்டினால் முற்றத்து மணலில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் முகத்துக்கு வரும். எங்கட வீடுகளில் காசு செலவில்லாமல் கிடைக்கிற ஸ்ரூடியோ லைற் அதுதான்.

இப்ப கன பேர் வாங்குகிற பிளாஸ்ரிக் கமராக்களில் ஷட்டரும் மாறாது, அப்பேச்சரும் மாறாது. அநேகமானவை ஏறத்தாழ 1/100 செக்கன், எஃப்10 என்ற கணக்கில்தான் எடுக்கும். அதில் 200 பிலிம் போட்டால் நல்ல வெயிலில் இரண்டு ஸ்ரொப்புக்கு மேல் கூடவாக வரும், பிலிம் அதைத் தாங்கும். மர நிழலுக்குப் போனால் ஒன்றரை ஸ்ரொப் அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே இந்தக் கமராக்களுக்கு 400 போடுவதுதான் புத்தி. வீட்டுக்குள் என்றால் அதிலும் ஃபிளாஷ் இல்லாமல் ஒன்றும் வராது.

குமிழ் லைற்றைப் பற்றியும் ஒரு சொல். இந்தப் பிலிம்கள் பகல் வெளிச்சத்துக்கென்று செய்தவை. பழைய மஞ்சள் குமிழின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு, அதனால் பிலிமின் நீலப் படை பட்டினி கிடக்கும். படம் செம்மஞ்சளாக வருவதை ஸ்கானில் ஓரளவு திருத்தலாம். ஆனால் நீலப் படையில் ஏதாவது பதிந்திருந்தால்தான் திருத்த ஏலும். அந்த இடத்தில் இன்னுமொரு ஸ்ரொப் கூடக் கொடுங்கோ.

கமராவுக்கு வெளியிலேயே பிலிமைக் கெடுக்கிற விசயங்களும் இருக்கு. எங்கட ஊரில் அதில் முதலாவது வெக்கை. பாவிக்காத பிலிமை 21 பாகை செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ வைக்கச் சொல்லுகினம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு வீட்டு அலுமாரிக்குள் அந்தக் குளிர் எப்ப வரும்? பிரிட்ஜில் வையுங்கோ. எடுத்தவுடன் பெட்டியைத் திறந்தால் ஈரம் படியும், ஒன்றரை இரண்டு மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கோ. பிலிம் போட்ட கமராவை மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழேயோ வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள்ளேயோ விடவேண்டாம். தைப்பொங்கலுக்குப் போட்ட றோலைத் தீபாவளிக்குக் கழட்டுகிற பழக்கமும் கூடாது. பதிந்த படம் கழுவப்படாமல் கிடக்கக் கிடக்க மங்கும், வெக்கையில் அது இன்னும் கெதியாக நடக்கும்.

வெளிநாட்டில் இருந்து வாற மாமாவிடம் பிலிம் சொல்லி அனுப்புகிற ஆக்கள் எங்களுக்குள் கனக்க. அவரிடம் ஒன்றை மட்டும் வடிவாகச் சொல்லிவிடுங்கோ: பிலிமைப் பெரிய சூட்கேஸுக்குள் போடவேண்டாம். விமானத்தில் போடுகிற பொதிகளுக்குப் பாவிக்கிற எக்ஸ் கதிர் பிலிமைப் பழுதாக்கும். கைப்பைக்குள் வைத்து, கையால் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இப்ப பல விமான நிலையங்களில் கைப்பைக்கும் சி.ரி. ஸ்கானர் வந்துவிட்டது, அதுவும் பிலிமுக்குக் கூடாது.

காலாவதியான பிலிமை "வித்தியாசமான நிறம் வரும்" என்று புதிய பிலிமின் விலைக்கே விற்கினம். குளிரில் வைத்திருந்த பழைய பிலிம் பரவாயில்லை. பத்து வருசத்துக்கு ஒரு ஸ்ரொப் கூடக் கொடு என்று ஒரு கைக்கணக்கும் இருக்கு. ஆனால் இந்த நாட்டு வெக்கையில் ஒரு கடைத் தட்டில் பத்து வருசம் கிடந்த பிலிம் எப்படி இருக்கும் என்று ஆருக்கும் தெரியாது. சும்மா கிடைத்தால் விளையாடிப் பாருங்கோ. அம்மம்மாவை எடுக்கிற றோல் அதுவாக இருக்க வேண்டாம்.

இனி லாப். கலர் நெகற்றிவைக் கழுவுகிற சி-41 முறை 1972இல் வந்தது. டெவலப்பர் 37.8 பாகை செல்சியஸில், 3 நிமிடம் 15 செக்கன். எந்த பிராண்ட் என்றாலும் இதே கணக்குத்தான். ஒழுங்கான லாப்பில் கழுவுவதில் பெரிய பிழை வராது. பிரச்சினை வருவது ஸ்கானில்.

நெகற்றிவுக்கு ஒரு செம்மஞ்சள் நிறம் இருக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். சாயங்களின் குறையைச் சரிக்கட்டவென்று வேணுமென்றே போட்ட திரை அது. அதைக் கழித்து, தலைகீழ் நிறத்தைத் திருப்பித்தான் படம் வருது. எவ்வளவு கழிப்பது, எவ்வளவு திருப்புவது என்று தீர்மானிக்கிறது ஸ்கானரும் அதை இயக்குகிற ஆளும். ஒரே நெகற்றிவை இரண்டு லாப்பில் கொடுத்தால் இரண்டு நிறம் வரும். ஆகவே "கோல்ட் என்றால் மஞ்சள், ஃபூஜி என்றால் பச்சை" என்று இணையத்தில் வாசிக்கிறதைப் பாதியாக நம்புங்கோ. அதில் ஒரு பங்கு பிலிமின் குணம், மற்றப் பங்கு ஸ்கானரின் குணம்.

ஸ்கானில் இன்னொரு விசயமும் நடக்குது. முகத்தை வெளுக்க வைக்கிறது. கலியாண அல்பங்களில் பொம்பிளையின் முகம் ஒரு நிறமும் கை இன்னொரு நிறமுமாக இருக்கிறதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம். பார்க்கிற ஆக்கள் அதைத்தான் விரும்புவினம் என்ற எண்ணம் ஸ்கான் செய்கிற ஆளின் கையில் பழகிப்போயிருக்கு. அதனால் கொடுக்கும்போதே சொல்லுங்கோ: "அண்ணை, முகத்தை வெளுப்பாட்ட வேண்டாம். கொன்ராஸ்ற் குறைச்சுத் தாங்கோ, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம்." எப்படி வர வேணும் என்பதற்கு ஒரு மாதிரிப் படத்தைத் தொலைபேசியில் காட்டினால் இன்னும் நல்லது. கேட்டால் செய்து தருகிற ஆக்கள் இருக்கினம், ஆரும் கேட்கிறதில்லை என்பதுதான் பிரச்சினை.

இதெல்லாம் செய்தும் படம் மங்கலாக வந்தால், ஸ்கானை விட்டுவிட்டு நெகற்றிவை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கோ. கரையில் பிலிமின் பெயரும் இலக்கங்களும் அச்சாகியிருக்கும். அவை அழுத்தமாக இருந்து, படம் மட்டும் ஒல்லியாக, நிழல் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கரையைப் போலக் கண்ணாடியாக இருந்தால் படம் எடுக்கும்போது வெளிச்சம் பத்தவில்லை. இலக்கங்களும் சேர்ந்து வெளிறியிருந்தால் கழுவினதில் பிழை. இரண்டும் வடிவாக இருந்தால் பிழை ஸ்கானில், இன்னொரு முறை ஸ்கான் செய்தால் நல்ல படம் வரும். பிலிமைத் திட்டுவதற்கு முதல் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யிறது நியாயம்.

"இருட்டுப் படத்திலும் ஒரு அழகு இருக்கே, அதையும் பிழை எண்டு சொல்லுவீங்களோ?" என்று கேட்கலாம். சொல்லமாட்டோம். இருட்டு வேணும் என்று தீர்மானித்து எடுத்த படம் வேறு. ஆனால் அதற்கும் வழி, நெகற்றிவுக்குப் போதிய வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு, ஸ்கானிலோ அச்சிலோ இருட்டாக்குவதுதான். நெகற்றிவில் இருப்பதை மறைக்கலாம், இல்லாததைக் கொண்டுவர ஏலாது. பக்கத்தில் நின்ற சினேகிதியின் முகம் தெரியாமல் போனதற்கு "பிலிம் லுக்" என்று பெயர் வைப்பது, குழைஞ்ச சோற்றுக்குப் புதுப் பெயர் வைக்கிற மாதிரி.

போர்ட்ரா போன்ற விலை கூடின பிலிமுக்கும் நாங்கள் எதிரி இல்லை. அவை மிருதுவானவை, புள்ளி குறைவு, தோலின் நிறம் மெதுவாக மாறும், கலியாணத்துக்கு எடுக்கிற ஆளுக்கு அது தேவை. மலிவுப் பிலிமில் கொன்ராஸ்றும் நிறமும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதுவும் எங்கட ஊர் வெயிலுக்கும் பூவரச மஞ்சளுக்கும் பொருந்தித்தான் வருது. ஆனால் வெளிச்சம் குறைத்து எடுத்த போர்ட்ரா, வடிவாக வெளிச்சம் கொடுத்த கலர்பிளஸ்ஸிடம் தோற்கும். கூடக் காசு இருந்தால் அதை இன்னொரு மலிவு றோலுக்கும் அதைக் கழுவுகிற செலவுக்கும் போடுங்கோ. 36 படத்தைவிட 72 படம் கூடச் சொல்லித்தரும்.

கடைசியாக நெகற்றிவ். லாப்பில் இருந்து ஸ்கான் இணைப்பு வந்தவுடன் வேலை முடிந்ததென்று, நெகற்றிவை எடுக்கப் போகாமல் விடுகிற ஆக்கள் கனக்க. கொழும்புக்குத் தபாலில் அனுப்புகிற ஆக்கள் திருப்பி அனுப்புகிற செலவை மிச்சம் பிடிக்கினம். இதை மட்டும் செய்யாதேங்கோ. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், 2004 டிசம்பரில் கடல் வந்தபோதும், 2009இல் வன்னியிலும் எத்தனையோ வீட்டு அல்பங்கள் போயின. தாங்கள் சின்னனில் எப்படி இருந்தோம் என்று பார்க்க ஒரு படம்கூட இல்லாத ஆக்கள் எங்கட வீடுகளிலேயே இருக்கினம். அந்த வீடுகளில் ஒரு நெகற்றிவ் துண்டு தப்பியிருந்தால் அதிலிருந்து எத்தனை படமும் போட்டிருக்கலாம்.

ஸ்கான் இருக்கிற இணைப்பு சில மாதத்தில் காலாவதியாகும், தொலைபேசி தொலையும், கடவுச்சொல் மறக்கும். நெகற்றிவை வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரியும். ஆறு ஆறு படமாக வெட்டி, நெகற்றிவுக்கென்று விற்கிற உறைக்குள் போட்டு, திகதியும் இடமும் உள்ளே இருக்கிற ஆக்களின் பெயரும் எழுதுங்கோ. மாரியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வராமல், சிலிக்கா ஜெல் பை ஒன்றோடு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வையுங்கோ. வீட்டில் ஆரேனும் அவசரத்துக்கு வெளிக்கிட்டால் அந்த டப்பா எங்கே இருக்கு என்று இன்னொரு ஆளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இந்த வருசம் ஒரு றோல் வாங்குகிற ஆக்களிடம் நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான். ஆக மலிவான 200ஐ வாங்குங்கோ. 100இல் வையுங்கோ. பின்னேரம் நாலரை மணிக்கு அம்மம்மாவை விறாந்தைக்குக் கூப்பிட்டு, உள்ளங்கையில் வெளிச்சத்தை அளந்து, அவவின் நிறம் அவவின் நிறமாகவே வருமாறு நாலு படம் எடுங்கோ. மிச்சம் 32 படத்தையும் உங்கட விருப்பத்துக்கு எடுக்கலாம்.